ராஞ்சியில் ஆட்டம், பிரிக்ஃபீல்ட்ஸில் பொங்கல்

2024 ஜனவரி 12, வெள்ளி

போயிருக்க வேண்டிய ஊர் ராஞ்சி. வந்து இறங்கியிருப்பது கோலாலம்பூர். பாரிஸ் ஒலிம்பிக்குக்கான பெண்கள் ஹாக்கித் தகுதிச் சுற்று நாளை ராஞ்சியில் தொடங்குகிறது. ஆறு மாதமாகக் காசு சேர்த்து, பள்ளிக்கூடத்தில் விடுப்புக்கும் எழுதிக் கொடுத்திருந்தேன். அப்போதுதான் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். அத்தானுக்கு அறுபதாம் கல்யாணம், தை 3. நாள் குறித்த ஜோதிடருக்கு ஹாக்கி அட்டவணை தெரியாது. தெரிந்திருந்தாலும் மாற்றியிருக்க மாட்டார்.

கோவில்பட்டியிலிருந்து ரயிலில் திருச்சி, அங்கிருந்து விமானத்தில் நான்கு மணி நேரம். இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று டிசம்பர் 1 முதல் மலேசியா அறிவித்துவிட்டதால் மிதப்பாக வந்தேன். அந்த மிதப்பு குடிநுழைவு வரிசையில் இறங்கிவிட்டது. வருகை அட்டையை இணையத்தில் முன்கூட்டியே நிரப்பியிருக்க வேண்டுமாம். நான் நிரப்பவில்லை. வரிசையை விட்டு விலகி, ஒரு தூணில் சாய்ந்துகொண்டு கைபேசியில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி முடிப்பதற்குள் என் விமானத்தில் வந்தவர்கள் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். முழுக்க என் தப்பு.

பெட்டிக்குள் நான்கு கிலோ கடலை மிட்டாய், ஒரு ஹாக்கி மட்டை. எங்கள் ஊர்க்காரர்கள் வெளியூருக்கு எடுத்துப்போக வேறு என்ன இருக்கிறது? மட்டை அக்கா மகளுக்கு. பதினைந்து வயது, பள்ளி அணியின் கோல்கீப்பர். வாங்கிப் பார்த்துவிட்டு, “சித்தி, இது கோல்கீப்பர் மட்டை இல்லையே” என்றாள். கடைக்காரர் என்னை ஏமாற்றவில்லை. நான்தான் என் கைக்குப் பிடித்த மட்டையாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

ஜனவரி 13, சனி

“பசியாறிவிட்டீர்களா?” என்று பக்கத்து வீட்டம்மா கேட்டார். காலை உணவுக்கு இங்குள்ள தமிழர் சொல்லும் சொல் அது. எங்கள் பக்கம் இந்தச் சொல் எங்கே தொலைந்துபோனது என்று தெரியவில்லை. ரொட்டி சானாயும் பருப்புக் குழம்புமாகப் பசியாறிவிட்டு, அக்கா மகளான சின்னவளோடு புக்கிட் ஜாலிலுக்குக் கிளம்பினேன். கேஎல் சென்ட்ரலில் ஏறி, மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கி, ஸ்ரீ பெட்டாலிங் தடத்துக்கு மாறவேண்டும்.

புக்கிட் ஜாலில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். பால்மரம் வெட்டிய தமிழர் லயங்களில் வாழ்ந்த மண். 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காக இங்கே எழுப்பிய அரங்குகளில் ஒன்று தேசிய ஹாக்கி அரங்கம். காமன்வெல்த்தில் ஹாக்கி முதன்முதலாக இடம்பெற்றதும் அந்த ஆண்டில்தான், ஆண்கள் பெண்கள் இரண்டுமே. பெண்கள் தங்கம் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. ஆண்களில் மலேசியா வெள்ளி வாங்கியது.

இன்று ஆட்டம் எதுவும் இல்லை. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். நீலத் தரைமேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். செயற்கைப் புல் நனைந்தால்தான் பந்து வழுக்கி ஓடும், விழுந்தால் முழங்காலும் தப்பிக்கும். என் காலத்தில் நாங்கள் கரிசல் மண்ணில் ஆடினோம். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் வெடிப்பு. வெடிப்பில் பட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது அய்யனாருக்கே வெளிச்சம்.

இந்த ஊருக்கும் பெண்கள் ஹாக்கிக்கும் பழைய உறவு உண்டு. 1983இல் பெண்கள் உலகக் கோப்பை கோலாலம்பூரில்தான் நடந்தது. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்து 4-2 என்று கனடாவை வென்றது. 2014 உலகக் கோப்பைக்குத் தகுதி தந்த 2013 ஆசியக் கோப்பையும் இங்கேதான். ஜப்பான் வென்றது, இந்தியாவுக்கு மூன்றாம் இடம். சின்னவளிடம் சொன்னேன். 2013இல் தனக்கு நான்கு வயது என்று கணக்குச் சொல்லி முடித்துவிட்டாள்.

இரவு பத்து மணிக்கு ஆட்டம். ராஞ்சியில் ஏழரை என்றால் இங்கே பத்து. வீட்டில் விருந்தாளிக் கூட்டம் நெரித்ததால், நாங்கள் இருவரும் கீழே இருக்கும் மாமாக் கடைக்கு, அதாவது தமிழ் முஸ்லிம் உணவகத்துக்கு, இறங்கினோம். கடையின் பெரிய திரையில் கால்பந்து. எங்கள் திரை, சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த கைபேசி.

அமெரிக்காவை வென்றுவிடுவோம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். 2019இல் இதே போன்ற தகுதி ஆட்டத்தில் புவனேசுவரத்தில் அவர்களை மொத்தக் கணக்கில் 6-5 என்று தாண்டித்தான் டோக்கியோ போனோம், அங்கே நான்காம் இடம் வரை வந்தோம். இன்று 16ஆவது நிமிடத்தில் அபிகெய்ல் டேமர் ஒரு கோல் போட்டார். அதற்குப் பிறகு முக்கால்வாசி ஆட்டம் மிச்சமிருந்தது. திருப்பியடிக்க முடியவில்லை. 0-1.

ஒன்று சொல்லியாக வேண்டும். ஹாக்கி பார்க்கும்போது நான் மற்றவர்களைப் போலப் பார்ப்பதில்லை. எதிரணி தப்புச் செய்தால் கோல் பக்கத்துக் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளித் தொடங்கும் வாய்ப்பு பெனால்டி கார்னர். அது என்றதும் எல்லோர் கண்ணும் அரைவட்டத்தின் உச்சியில் நின்று பந்தை மட்டையால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக்காரர் மேல் போகும். என் கண் கோல் கோட்டுக்குப் போகும், பந்தை உள்ளே தள்ளிவிடுபவரிடம். கம்பத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி, ஒரு காலாவது கோட்டுக்கு வெளியே இருக்க, குனிந்து நிற்பார். அவர் தள்ளும் பந்து தரையோடு ஓடி, நிறுத்துபவரின் மட்டையில் சத்தமில்லாமல் அமர வேண்டும். துள்ளினால் போச்சு. அரை நொடி தாமதித்தாலும் எதிரணி ஓடிவந்து காலடியில் நிற்கும். பல்கலைக்கழக அணியில் நான்கு ஆண்டு என் வேலை அதுதான். கோல் அடித்தவர் பெயர் பலகையில் ஏறும், தள்ளிவிட்டவர் பெயர் ஏறாது. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

ஜனவரி 14, ஞாயிறு

போகி. அக்கா பழைய பாயை எரிக்க முடியாமல் குப்பைத் தொட்டியில் போட்டாள். அடுக்குமாடியில் அவ்வளவுதான் போகி.

இரவு அதே கடை, அதே மேசை. பக்கத்து மேசைப் பெரியவர் நேற்றே எங்களைக் கவனித்திருக்கிறார். “ஹாக்கியா?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. தோட்டத்தில் பிறந்து, மின்சார வேலைக்கு வந்து, ஓய்வு பெற்றவர். நியூசிலாந்துக்கு எதிராக முதல் நிமிடத்திலேயே சங்கீதா குமாரி கோல் போட்டதும் மேசையைத் தட்டினார். தே தாரிக் என்ற ஆற்றிய தேநீர் தளும்பியது. நியூசிலாந்து ஒன்று திருப்பியது. உதிதா 12ஆவது நிமிடத்தில், பியூட்டி டுங்டுங் 14ஆவது நிமிடத்தில். கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது, 3-1. மிச்ச முக்கால் மணி நேரம் பெரியவர் 1975க்குப் போய்விட்டார்.

அந்த ஆண்டு ஆண்கள் உலகக் கோப்பை இங்கே. அரையிறுதியில் மலேசியாவும் இந்தியாவும். மலேசிய அணிக்குத் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். “எங்கள் ஆள் தலைவர். அந்தப் பக்கம் இந்தியா. எங்கள் அப்பா காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை” என்றார். மலேசியா 2-1 என்று முன்னால் நின்றது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அஸ்லம் ஷேர் கான் பெனால்டி கார்னரில் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்தார், 3-2. பிறகு மெர்டேக்கா அரங்கில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று இந்தியா கோப்பையைத் தூக்கியது. இந்தியா ஆண்கள் உலகக் கோப்பையை வென்றது அந்த ஒரே முறைதான்.

“அப்பா யார் பக்கம் ஐயா?”

“அதைத்தான் சாகும்வரை சொல்லவில்லையே!”

எனக்கு வேறொன்று உறைத்தது. அஸ்லம் அடித்த அந்தப் பந்தைக் கோட்டிலிருந்து தள்ளிவிட்டவர் யார்? பெரியவருக்கும் தெரியவில்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். மலேசியாவில் இன்று நாடு தழுவிய விடுமுறை இல்லை. அத்தான் காலையிலேயே பொங்கல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஆனால் கோலாலம்பூரின் இந்தியர் பகுதியான பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையில் கரும்புக் கட்டுகள் ஆள் உயரத்துக்குச் சாத்தி வைத்திருந்தார்கள். மஞ்சள் கொத்து, மண்பானை, கோலமாவு, மாவிலை. மதுரையில் இருக்கிறோமா என்று நினைக்கும்போதே தலைக்கு மேல் மோனோ ரயில் போகிறது. பால் பொங்கும் நேரத்தில் அக்கா அடுப்பைக் குறைக்க, அவள் மாமியார் கூட்ட, மண்பானை பால்கனியில் ஒரு பக்கம் சாய்ந்து பொங்கியது. கிழக்கா மேற்கா என்று ஒரு வழக்கு. சூரியன் அடுத்த கட்டடத்துக்குப் பின்னால் இருந்ததால் தீர்ப்புச் சொல்ல ஆளில்லை.

ராஞ்சியில் இன்று நமக்கு ஆட்டம் இல்லை. சாப்பிட்டுவிட்டுச் சின்னவள் கேட்டாள், “சித்தி, தள்ளிவிடுவதை எனக்குக் காட்டுங்கள்.”

“கோல்கீப்பருக்கு எதற்கு?”

“பந்து எப்போது கிளம்பும் என்று தெரிய வேண்டாமா?”

சரியான கேள்வி. கார்னர் எடுக்கும்போது கோல்கீப்பரோடு சேர்ந்து ஐந்து பேர் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். பந்து அசைவதற்கு முன் கோல்கீப்பர் அல்லாத யாராவது கோட்டைத் தாண்டினால் அவரை நடுக்கோட்டுக்கு அப்பால் அனுப்பிவிடுவார்கள். நான்கு பேரோடு தடுக்க வேண்டும். தாமதமாகக் கிளம்பினாலோ ஃபிளிக்காரருக்கு வாசலைத் திறந்துவிட்டது போல.

கார் நிறுத்துமிடத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். இடது கால் பந்து போகும் திசையைப் பார்க்க வேண்டும். பந்து பின்காலுக்குப் பக்கத்தில். இடது கை மேலே, வலது கை மட்டையின் பாதிக்குக் கீழே. அடிக்கக் கூடாது. மட்டை பந்தை ஒட்டியபடியே இழுத்துக்கொண்டு போய் விட வேண்டும். துணி துவைக்கும் கல்லில் போர்வையை இழுப்பது போல என்று எங்கள் ஊரில் சொல்லிக் கொடுத்தால் புரியும். இவள் துவைக்கும் கல்லைப் பார்த்ததில்லை.

நான் நான்கு முறை தள்ளினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் என் மட்டையைப் பார்க்கவில்லை. “சித்தி, பந்துக்கு முன்னால் உங்கள் வலது தோள் இறங்குகிறது” என்றாள். இருபத்தாறு ஆண்டுகளில் ஒருவரும் சொல்லாததை நான்கே தள்ளில் கண்டுபிடித்துவிட்டாள். நான் ஆடிய காலத்தில் எத்தனை கோல்கீப்பர்கள் இதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்களோ!

ஐந்தாவது பந்து ஒரு காரின் சக்கரத்தில் பட்டது. காவலாளி வந்தார், நேபாளத்துக்காரர். மலாயில் ஏதோ சொல்லி, கையால் ‘வேண்டாம்’ என்றார். சுண்ணக்கோட்டைக் காலால் தேய்த்தும் காட்டினார். வணக்கம் சொல்லி மேலே ஏறிவிட்டோம்.

ஜனவரி 16, செவ்வாய்

பகலில் மெர்டேக்கா அரங்கைப் பார்க்கப் போனேன். 1957 ஆகஸ்ட் 31இல் நாட்டின் விடுதலையை அறிவித்த இடம். பக்கத்திலேயே 678.9 மீட்டர் உயரத்தில் மெர்டேக்கா 118 கோபுரம் நிற்கிறது. போன வாரம்தான் திறந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. எனக்கு அரங்குதான் அழகாகப் பட்டது, அதில் ஒரு பக்கச்சார்பும் இருக்கலாம்.

இரவு இத்தாலியை 5-1 என்று வென்றோம். உதிதாவுக்கு நூறாவது சர்வதேச ஆட்டம், இரண்டு கோல். தீபிகா, சலீமா டேடே, நவ்நீத் கவுர் ஆளுக்கு ஒன்று. பெரியவர் வரவில்லை.

ஜனவரி 17, புதன்

அறுபதாம் கல்யாணம். அத்தான் இரண்டாவது முறை தாலி கட்டும்போது கை நடுங்கியது. முதல் முறை நடுங்கவில்லையாம், அக்கா சொன்னாள். இலையில் பரிமாறிய வாழைக்காய் வறுவலில் உப்பு கூடுதல். வேறு குறை இல்லை.

ஜனவரி 18, வியாழன்

இன்று அரையிறுதி, ஜெர்மனியோடு. எட்டு அணிகளில் முதல் மூன்று பாரிஸ் போகும். இன்று வென்றால் டிக்கெட் கையில். தோற்றால் நாளை மூன்றாம் இடத்துக்கு ஆடி, அதில் வென்றாலும் போகலாம்.

காலையிலிருந்தே எனக்கு ஒரு புலம்பல். முதல் நாள் அமெரிக்காவிடம் விட்ட அந்த ஒரு கோல்தான் நம்மை ஜெர்மனியிடம் கொண்டுவந்து நிறுத்தியது. பிரிவில் முதலிடம் பிடித்திருந்தால் அரையிறுதியில் ஜப்பான் வந்திருக்கும். அதே ராஞ்சி மைதானத்தில் நவம்பர் மாதம்தான் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் ஜப்பானை 4-0 என்று அடித்தோம். பரிசுக்கு ஆடும் போட்டியில் ஒரு தோல்வியை அடுத்த வாரம் மறந்துவிடலாம். தகுதிச் சுற்றில் முதல் நாள் தவறு கடைசி நாள் வரை கூடவே வரும். இதை அக்காவிடம் மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை அவள் மிக்சியைப் போட்டுவிட்டாள்.

கடையில் பெரியவர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். இந்த முறை கைபேசியைச் சாய்க்கக் கடைக்காரரே ஒரு கண்ணாடிப் பாட்டில் கொண்டுவந்து வைத்தார்.

15ஆவது நிமிடம் தீபிகா. 1-0. 27இல் சார்லோட் ஸ்டாப்பென்ஹோர்ஸ்ட் சமன் செய்தார். அப்புறம் நெடுநேரம் இரண்டு பக்கமும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார்கள். 57ஆவது நிமிடத்தில் அதே ஸ்டாப்பென்ஹோர்ஸ்ட் மறுபடியும். 1-2. ஆட்டம் அறுபது நிமிடம். பெரியவர் காசை எண்ணி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டார். 59இல் இஷிகா சௌத்ரி. 2-2! அவர் உட்காரவில்லை. காசையும் எடுக்கவில்லை.

ஆட்டம் சமன், இனி ஷூட் அவுட். அதில் 23 மீட்டர்க் கோட்டிலிருந்து ஆட்டக்காரர் ஒருவர் பந்தோடு கோல்கீப்பரை நோக்கி வருவார். எட்டு நொடிக்குள் கோல் போட்டாக வேண்டும். சின்னவள் அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்தவள், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். கோலில் சவிதா. “வெளியே வர வேண்டும். ஆனால் விழக் கூடாது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். “மூன்று நொடி வரை பொறுத்தால் அவர்களுக்குப் பதற்றம் வந்துவிடும். விழுந்துவிட்டால் நம் கதை முடிந்தது.” ஒவ்வொரு முறை ஊதல் ஒலித்தபோதும் அவளுடைய வலது கால் மேசைக்கடியில் உதைத்தது. என் முழங்காலுக்குத்தான் தெரியும்.

ஐந்து ஐந்து வாய்ப்பு முடிந்தும் முடிவு வரவில்லை. மேலும் ஆடினார்கள். 4-3 என்று ஜெர்மனி.

கடையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரொட்டி போடுகிறவர் மாவை வீசிக்கொண்டிருந்தார். பெரியவர் மட்டும், “நாளைக்கு ஒன்று இருக்கிறதம்மா” என்றார். போய்விட்டார்.

படுத்தபிறகு சின்னவள் கேட்டாள், “நீங்கள் ஏன் சித்தி இந்திய அணிக்குப் போகவில்லை?” மாநில அளவில் ஒரு தேர்வுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. தேர்வு நடந்து ஒன்பது நாள் கழித்து வந்தது. எந்த அலுவலகம், எந்த மேசையில் கிடந்தது என்பதெல்லாம் இப்போது எதற்கு? அழைப்பு நேரத்துக்கு வந்திருந்தாலும் எடுத்திருப்பார்களா என்பதும் சந்தேகம்தான். தோள் இறங்குகிறதே! அவளிடம் அதைத்தான் சொன்னேன். சிரித்தாள்.

ஜனவரி 19, வெள்ளி

ஜப்பான். நேற்றெல்லாம் நான் ஆசைப்பட்ட அதே ஜப்பான்.

6ஆவது நிமிடத்தில் பெனால்டி கார்னரில் கானா உராதா கோல் போட்டார். 0-1. அதோடு சரி. அடுத்த ஐம்பத்து நான்கு நிமிடமும் இந்தியாவுக்குக் கார்னர்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் கோட்டில் குனிந்து நின்றவரையே பார்த்தேன். பந்து நன்றாகத்தான் கிளம்பியது. நிறுத்தினார்கள், அடித்தார்கள். முகக் கவசம் மாட்டிக்கொண்டு முதலில் ஓடிவரும் ஜப்பான் பெண் ஒவ்வொரு முறையும் பந்தின் வழியில் வந்து நின்றார். எத்தனை முறை மேலே பட்டதோ. வலிக்காமல் இருக்காது. மறுபடியும் கோட்டுக்குப் பின்னால் போய் நின்று, மறுபடியும் ஓடிவந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆட்டம் முடியும்போது அது இல்லை.

மணி ஒலித்தது. ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் மூன்றும் பாரிஸ் போகின்றன. சலீமா டேடே, நிக்கி பிரதான், சங்கீதா, பியூட்டி எல்லோரும் ஜார்க்கண்ட் பெண்கள். சொந்த மண்ணில், சொந்தச் சனத்துக்கு முன்னால் நின்றிருந்தார்கள். கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

மலேசியப் பெண்களுக்கும் இதே வாரம் ஸ்பெயினின் வலென்சியாவில் தகுதிச் சுற்று. அவர்களும் அரையிறுதிக்கு வரவில்லை. மலேசியப் பெண்கள் அணி இதுவரை ஒலிம்பிக் போனதே இல்லை. சின்னவள் இரண்டையும் சேர்த்துத் துக்கம் கொண்டாடினாள். பால்கனியில் அவளுடைய கால் கவசங்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஈரப் பஞ்சும் வியர்வையுமாக ஒரு வாடை. கோல்கீப்பர் இருக்கும் வீடு என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

என் நேற்றைய வாதத்தை அக்கா நினைவுபடுத்தினாள். “ஜப்பான் வந்திருந்தால் வென்றிருப்போம் என்றாயே?” மிக்சி சத்தத்திலும் காதில் விழுந்திருக்கிறது.

ஜனவரி 20, சனி

விமான நிலையம். பெட்டியில் கடலை மிட்டாய் இருந்த இடத்தில் அக்கா கொடுத்த பிஸ்கட் டப்பாக்கள். 25ஆம் தேதி தைப்பூசம். பத்துமலைக்கு ஆயத்தம் நடக்கிறது, இருந்து பார்த்துவிட்டுப் போ என்றார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்பில் புதிதாகப் பதினான்கு பிள்ளைகள் மட்டை பிடித்திருக்கிறார்கள்.

புறப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கைபேசியில் ஒரு காணொளி வந்தது. அதே கார் நிறுத்துமிடம், அதே இரண்டு தூண்கள், புதிய சுண்ணக்கோடு. சின்னவள் குனிந்து நிற்கிறாள். எதிரே பந்தை நிறுத்துவதற்காகத் துடைப்பத்தைத் தரையில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நேபாளக் காவலாளி. பந்து துள்ளித் துடைப்பத்தைத் தாண்டி ஓடுகிறது. அவர் கையை உயர்த்தி ஏதோ வழக்குப் பேசுகிறார்.

இரண்டு முறை பார்த்துவிட்டுப் பதில் எழுதினேன்: பந்தைப் பின்காலுக்கு இன்னும் பக்கத்தில் வை.